மரகதம் அத்தை மாற்றிச் சொன்ன ஈரக்கால் கதை

குர்லா நிலையத்தில் வண்டி மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது தாராவியில் என்னோடு வளர்ந்த முத்துவின் குரல்செய்தி வந்தது. கூட்ட நெரிசலில் கைப்பேசியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். "இசக்கி, மரகதம் அத்தை போயிட்டாவ. காலைல டீயக் குடிச்சிட்டு சாஞ்சு உக்காந்தாவளாம், அப்படியே போயிட்டாவ. நான் கோபர்கைரனேலருந்து கெளம்பிட்டேன். நீ அம்மாவக் கூட்டிட்டு வந்துரு." இரண்டாம் தடவையும் கேட்டேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "சொல்லாமலே போய்விட்டீர்களே அத்தை" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

பதினாறாம் நாள் கூட்டத்தில் வாசிக்க, அத்தையிடமிருந்து நீ எடுத்துக்கொண்டது எது என்று இரண்டு பக்கம் எழுதித் தா என்று முத்து கேட்டான். அன்றிலிருந்து எழுத உட்காருவதும் எழுந்து நடப்பதுமாக இருக்கிறேன். அன்பே உருவானவர், பழகுவதற்கு இனியவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் நம் அத்தை அதைக் கேட்டால் "எவளப் பத்திட்டி எழுதியிருக்க?" என்று கேட்பார். அதனால் சுற்றி வளைக்காமல் ஈரக்கால் கதையைப் பற்றியே எழுதுகிறேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த நல்லதும் பொல்லாததும் எல்லாம் அந்த ஒரு கதையில்தான் இருக்கின்றன.

பிற்பாடு வந்தவர்களுக்கும் மருமக்களுக்கும் ஒரு வார்த்தை. தாராவியில் எங்கள் சாலில், அந்த ஒற்றை அறை வீட்டு வரிசையில், அப்போது தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது மரகதம் அத்தையின் கோலியில் மட்டும்தான். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் நடக்கும் அந்தக் கோலிக்குள் புதன்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வரிசையே வந்து உட்கார்ந்துவிடும். பிள்ளைகள் முன்னால், பெண்கள் நடுவில், ஆண்கள் வாசலுக்கு வெளியே செருப்புகளோடு. அரசுத் தொலைக்காட்சியில் அந்தக் குற்றத் தொடர் வரும். வாரம் ஒரு கொலை, வாரம் ஒரு குற்றவாளி. ஏலக்காய் மென்றுகொண்டே விசாரிக்கும் அந்த இன்ஸ்பெக்டரை மறந்தவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள்.

தொடர் இந்தியில் வரும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய பெண்களுக்கு அப்போது "கித்னா" என்று விலை கேட்பதற்கு மேல் இந்தி தெரியாது. பிள்ளைகளாகிய நாங்கள் தமிழ்ப் பள்ளியில் படித்தோம். மரகதம் அத்தைதான் தையல் கார்கானாவில் நூல் வெட்டும் வேலை பார்த்து, உடன் வேலை செய்தவர்களோடு சண்டை போட்டே இந்தி கற்றவர். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார். முதல் வேலையாகச் சத்தத்தைக் குறைப்பார். திரையில் ஒருவன் பேசி முடித்ததும் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, அதே குரலில் தமிழில் சொல்வார். பணக்காரன் பேசினால் மூக்கால் பேசுவார். வேலைக்காரன் பேசினால் நம் ஊர்ப் பேச்சு. "என்னவே முதலாளி, சாவிய எங்கன வச்சீரு?" என்று அந்த வேலைக்காரன் கேட்டதாகத்தான் எனக்கு இன்னமும் நினைவு. இந்தியில் அவன் என்ன சொன்னானோ, யார் கண்டது?

முத்து இதனால் பட்ட பாட்டை நீங்கள் அவனிடமே கேட்க வேண்டும். விக்ரோலியில் ஏ.சி. பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மராட்டிக்காரர்களும் உத்தரப்பிரதேசத்துப் பையன்களும் அந்தப் பழைய தொடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அதில் நடுங்க வைத்த கதை எது என்று கேட்டால் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். நாம் ஈரக்கால் கதை என்கிறோமே, அதுதான். காணாமல் போன கணவன் மழை பெய்யும்போதெல்லாம் வந்து கதவைத் தட்டுகிற கதை. "கடைசில அவன் உயிரோடதான இருப்பான்" என்று முத்து சொல்லியிருக்கிறான். கடையே சிரித்திருக்கிறது. இவன் விடவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறான். ஒரு வாரத்துக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுக்கிறேன் என்று பந்தயம் கட்டித் தோற்றும் போயிருக்கிறான். தோற்ற பிறகும் அவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டு தன்னை ஏமாற்றுவதாகத்தான் பல வருஷம் நம்பினான்.

இப்போது என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். என் அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், அடைமழையில், பட்டறைச் சரக்கோடு லாரியில் பிவண்டிக்குப் போனார். லாரி மறுநாள் திரும்பி வந்தது. அப்பா வரவில்லை. வழியில் சாலையில் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று பார்க்க இறங்கினார், அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்று டிரைவர் சொன்னான். தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. காத்திருங்கள் என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள். ஊரிலிருந்து பெரியப்பா வந்து, செய்ய வேண்டியதைச் செய்துவிடுவோம், பொட்டை அழித்துவிட்டு ஊருக்கு வந்துவிடு என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சோறு பொங்கிப் போட்டு அவரை ரயில் ஏற்றினாள். ஆனால் அவர் சொன்னது அவளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கை நெற்றிக்குப் போய்த் திரும்பும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் புதன்கிழமை வந்தது. மழையில் வேலைக்குப் போன ஒருவன் திரும்பவில்லை என்று கதை தொடங்கியதும் கோலிக்குள் ஒருவரும் அசையவில்லை. யாரும் அம்மாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருப்பதற்கு எல்லாரும் பட்ட பாடு பிள்ளையான எனக்கே தெரிந்தது. திரையில் கதவு தட்டப்படும். மனைவி விளக்கை எடுத்துக்கொண்டு வந்து திறப்பாள். யாரும் இருக்க மாட்டார்கள். வாசற்கல்லில் ஈரக்கால் தடம் மட்டும் இருக்கும். கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் வந்து அந்த மனைவியிடம் ஏதோ சொல்கிறார். அவள் சுவரில் சாய்ந்து உட்காருகிறாள்.

அத்தை மூச்சை இழுத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இழுத்தார். பிறகு சொன்னார். "அவன் சாவலயாம். செத்தது வேற ஆளாம். இவன் எதுக்கோ பயந்து ஒளிஞ்சு திரியுதான். பொண்டாட்டியப் பாக்க மனசு கேக்காம வந்து வந்து கதவத் தட்டுதான். இவ தாப்பாளப் போட்டுட்டு உறங்குதா. எந்திரிச்சு வந்து தொறக்கதுக்குள்ள போயிருதான். ஆனா வருவான்னு இன்ஸ்பெக்டர் சொல்லுதாரு. ஈரம் காயலல்லா, பக்கத்துலதான் நிக்கான்."

அம்மா அன்று அழுதாள். பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டு அழுதாள். அத்தை அவளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அம்மா நெற்றியில் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரியும் சும்மா சாத்தி வைப்பதுதான். தாராவியில் ஒருமுறை குக்கரும் மிக்சியும் களவு போயின. "போனாப் போவுது" என்றாள். பிறகு நாங்கள் திலக் நகருக்குக் குடிவந்தோம். அடுக்குமாடி வீடு, காவலாளி உண்டு, இரும்புக் கதவு உண்டு. அங்கேயும் அதே கதைதான். நான் போடும் தாழ்ப்பாளை அவள் எடுத்துவிடுவாள். அவள் எடுத்ததை நான் போடுவேன். இதற்காக நாங்கள் போட்ட சண்டைகளைக் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே ஏறி வந்திருக்கிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ அந்தத் தொடரை இணையத்தில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே முத்து நம் சால் பிள்ளைகளையெல்லாம் சேர்த்து "புதன் ஒன்பது மணி" என்று கைப்பேசியில் ஒரு குழு தொடங்கியிருந்தான். ஈரக்கால் கதை கிடைத்ததும் அதில் போட்டான். இப்போது எங்களுக்குத்தான் இந்தி நன்றாக வருமே. இன்ஸ்பெக்டர் அந்த மனைவியிடம் சொல்வது இதுதான்: உன் புருஷன் போன முதல் நாளே கொலை செய்யப்பட்டுவிட்டான், அப்படியானால் இத்தனை நாள் கதவைத் தட்டியது யார்? அதோடு கதை முடிந்துவிடுகிறது. ஒளிந்து திரிபவனும் இல்லை, வேறு ஆளும் இல்லை. குழுவில் சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. "அத்தை நம்மள பக்கா ஏமாத்திருக்காவ" என்று முத்து எழுதினான். அந்தக் காணொளியின் கீழே நாடு முழுவதும் உள்ள ரசிகர்கள் அந்த ஈரத்தடத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். சின்ன வயதில் தூங்க முடியவில்லை என்றார் ஒருவர். தடம் உள்ளே பார்த்திருந்தது, அதாவது அவன் வீட்டுக்குள்தான் இருந்தான் என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் செம்பூரில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் வந்தால் மருத்துவர் என்னைத்தான் கூப்பிடுவார். அவர் சொல்வதை நான் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். பார்வை திரும்பாது என்றால் திரும்பாது என்றே சொல்வேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. அப்படிப்பட்ட நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே தாராவிக்குப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"எதுக்கு அத்தை மாத்திச் சொன்னிய?"

எதை என்று அவர் கேட்கவில்லை. "உங்கம்மா முன்னால உக்காந்திருந்தாளே ஏட்டி. நான் என்னத்தச் சொல்ல?" என்றார்.

"அதுக்காக? எங்கம்மா இன்னிக்கும் கதவப் பூட்டாம காத்துக் கெடக்கா."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். "ஒரு வாரத்துக்குத் தாங்கட்டும்னு சொன்னேன். அடுத்த புதன்கிழம வேற கதை வந்துரும், இத மறந்துருவான்னு நெனச்சேன். இத்தன வருசம் ஓடும்னு கண்டேனா?"

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. இன்னும் பேசினேன், கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பக்கத்துக் கோலிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒன்று சொன்னார். "நீ சொல்லாத. கட்டுனவ நான். நானே வந்து அவுத்து விடுதேன்."

வந்தார். ஒரு பொங்கலுக்கு மறுநாள் திலக் நகர் வீட்டுக்கு வந்து, காலையிலிருந்து பொழுது சாயும்வரை அம்மாவோடு இருந்தார். இருவரும் சேர்ந்து மீன் குழம்பு வைத்தார்கள். யார் யார் செத்தார்கள், யார் வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள், எந்த மருமகள் பேசுவதில்லை, எல்லாம் பேசினார்கள். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இதோ சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை அந்த மூச்சை இழுத்தார். எனக்குக் கேட்டது. இரண்டு தடவையும் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஏதோ பேசினார். கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "அடுத்த தடவ வரும்போது சொல்லிருதேன்ட்டி" என்றார். படி இறங்கும்போது கதவைத் திரும்பிப் பார்த்தார். அது சும்மா சாத்தியிருந்தது.

அடுத்த தடவை வரவே இல்லை. கால் வீக்கம் என்றார், மழை என்றார், பேரனுக்குப் பரீட்சை என்றார். கேட்டுக் கேட்டு எனக்கும் அலுத்துவிட்டது. பிறகு குர்லாவில் அந்தக் குரல்செய்தி வந்தது. இப்போது நான் ஏன் கோபப்பட்டேன் என்று உங்களுக்குப் புரியும். பாரத்தை என் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டாரே என்றுதான்.

முதல் சில நாள் காரியங்கள் ஒரு மட்டுக்கு அடங்கியதும், அத்தை நினைவாக ஈரக்கால் கதையை எல்லாரும் சேர்ந்து பார்ப்போம் என்று குழுவில் ஆரம்பித்தார்கள். அத்தையின் அதே கோலியில், அதே புதன்கிழமையில். நேரத்தை மட்டும் சாயங்காலத்துக்கு மாற்றினார்கள், எல்லாரும் தூரத்துக்குத் திரும்ப வேண்டுமே. வேறு கதை போடலாம் என்று முத்துவிடம் கெஞ்சினேன். "அத்தைன்னா அந்தக் கததான இசக்கி" என்றான். சரி, அம்மாவை விட்டுவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். அவள் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். "மதினிக்காகப் போடுதாவ, நான் வராம இருப்பேனா?" என்றாள். அத்தையை அவள் மதினி என்றுதான் கூப்பிடுவாள்.

போன புதன்கிழமை அந்தக் கோலிக்குள் நாம் எப்படி உட்கார்ந்திருந்தோம் என்று வந்தவர்களுக்குத் தெரியும். அம்மா தன் பழைய இடத்தில், அப்போதெல்லாம் அத்தையின் முகம் நேராகத் தெரிந்த இடத்தில், தரையிலேயே உட்கார்ந்தாள். அத்தை இருக்க வேண்டிய இடத்தில் சுவரில் மாலையோடு படம். சத்தத்தைக் குறைத்துவிட்டு யாராவது தமிழில் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை என்று முத்து சொன்னான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவள் நான்தானே. மறுக்க முடியாமல் எழுந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முதல் பாதியை எப்படியோ சொல்லிவிட்டேன். வேலைக்காரனுக்கு நம் ஊர்ப் பேச்சு போட்டபோது சிரித்துக் கைகூடத் தட்டினீர்கள். பிறகு இன்ஸ்பெக்டர் அந்த மனைவியின் முன்னால் வந்து நின்றார். அவர் வாய் அசைந்தது. எனக்கு வாய் வரவில்லை.

உள்ளதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனை வருஷம் குதித்தேன். இப்போது எதிரில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நெற்றியில் அந்தப் பெரிய பொட்டு. அத்தை அன்று நின்ற இடத்தில் நின்றால்தான் தெரிகிறது, அங்கிருந்து வேறு ஒன்றுமே கண்ணில் படாது என்று. எல்லாரும் காத்திருந்தார்கள். முத்து இருமினான்.

"எல முத்து" என்றாள் அம்மா. "சத்தத்தக் கூட்டு."

"சித்தி, இசக்கி சொல்லுவா..."

"மதினி இல்லாத எடத்துல எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு இப்பம் இந்தி புரியும். திருப்பிப் போடு, நானே கேக்கேன்."

முத்து என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேனா என்று நினைவில்லை. கொஞ்சம் பின்னால் ஓட்டிச் சத்தத்தைக் கூட்டினான். இன்ஸ்பெக்டரின் குரலை அந்தக் கோலி அன்றுதான் முழுசாகக் கேட்டிருக்கும். போன முதல் நாளே செத்துவிட்டான் என்றார். அம்மா அசையாமல் கேட்டாள். ஈரத்தடம் வந்தது, எழுத்துகள் ஓடின, திரை கறுத்தது. முத்து விளக்கைப் போடலாமா வேண்டாமா என்று சுவிட்சில் கைவைத்தபடி நின்றான்.

அம்மா மெல்லத் திரும்பி, பின்னால் உட்கார்ந்திருந்த காது கேளாத கிழவிகளுக்குச் சொன்னாள். அத்தையைப் போலவே முதலில் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அவன் மொத நாளே போயிட்டானாம். கதவத் தட்டுனது அவன் இல்லயாம்."

பிறகு சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "பாவம் மதினி" என்றாள். "இத வாய்க்குள்ளயே வச்சிக்கிட்டு எப்படித்தான் எம் மொகத்தப் பாத்துப் பாத்துப் பேசினாளோ." அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். அப்பாவுக்காக அழுதாளா, அத்தைக்காக அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் அங்கேதான் அழுதேன். அத்தையின் செய்தி வந்த அன்று வராத அழுகை எல்லாம் அப்போது வந்தது.

டாக்சியில் திலக் நகருக்குத் திரும்பினோம். கட்டிடத்து வாசலில் அவளை இறக்கி மேலே அனுப்பிவிட்டு, பால் வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து வழக்கம்போல் தோளால் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. கதவு சிக்கிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

என் வீட்டுக் கதவை நான் தட்டியதே இல்லை. எப்படித் தட்டுவது என்றுகூடத் தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு தட்டினேன். உள்ளே அம்மாவின் காலடிச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"யாரு?" என்றாள்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மரகதம் அத்தையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று முத்து கேட்டிருந்தான் அல்லவா, அதை இங்கே எழுதிவிடுகிறேன். அவர் சொன்ன முடிவை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இன்றும் அதோடு எனக்குச் சண்டைதான். பேசுவதற்கு முன்னால் அவர் இழுத்த அந்த ஒரு மூச்சைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிரில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் அவருக்கு அது வேண்டியிருந்தது. நானும் அங்கே, பால் பையோடு நின்றபடி, மூச்சை இழுத்து, கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவள் ஒரு நொடிகூட வேறு யாரையும் எதிர்பார்த்துவிடாதபடி, தெளிவாகச் சொன்னேன்.

"இசக்கிதாம்மா. நான் மட்டுந்தான்."